காபிக் கோப்பைக்கு மதிப்பு பூஜ்யம்

மேனேஜர் பதவி ஒழிந்த செய்தியை மேனேஜரேதான் எல்லோருக்கும் மெயிலில் அனுப்பினார். "இன்று முதல் இந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் உத்தரவிடக் கூடாது. அணி தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். இதை அனைவரும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிடப்படுகிறது" என்று அதில் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே மட்டும் மேனேஜர் என்பதை எடுத்துவிட்டு கோச் என்று போட்டுக்கொண்டிருந்தார். அறை அதேதான், சுழல் நாற்காலியும் அதேதான். அறைக் கதவில் 'இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்று புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள். கதவு உள்பக்கம் திறப்பது என்பதால் அது மூடியிருக்கும்போதுதான் அந்த வாசகத்தைப் படிக்க முடிந்தது. தினமும் நாள் பூராவும் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

டெஸ்டர் அந்த மெயிலை மூன்று தரம் படித்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் உத்தியோகம். இருபது வருடமாகக் குறை சொல்லியே சம்பளம் வாங்குகிற மனிதர் என்பதால் வீட்டில் மனைவி அவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டார். மெயிலில் இருந்த ஓட்டையும் அவர் கண்ணில் பட்டது. ஆனால் ஓட்டையை யாரிடம் சொல்வாரோ அந்த மேனேஜரைத்தான் ஒழித்துவிட்டார்களே! வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அந்தக் கம்பெனி செய்து விற்ற மென்பொருளின் பெயர் 'தானே'. ஒரு அலுவலகத்தில் இருப்பவர்கள் மேலிருந்து யாரும் சொல்லாமல் தாங்களே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள, தாங்களே மதிப்பிட, தாங்களே முடிவெடுக்க அது உதவும். வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர், "நீங்க இதை உங்க ஆபீஸ்ல பயன்படுத்துறீங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். அதன் விளைவுதான் அந்த மெயில்.

அணியில் ஆறு பேர். திரையில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுகிறவருக்கு முன்பக்கம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடுவதை எழுதுகிறவர் பின்பக்கம். வீட்டில் அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். தகவல்களையெல்லாம் பூட்டிக் காக்கிறவர் டேட்டாபேஸ், முட்டிவலிக்காரர். முப்பத்திரண்டு வயதாகியும் யாரிடமும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத புரோகிராமர் ஒருவர் இருந்தார். காதை மூடிய கருவியை அவர் கழற்றியே யாரும் பார்த்ததில்லை. அவர் பெயர் ஹெட்போன். ஐந்தாவது டெஸ்டர். ஆறாவது அக்கா.

அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. அவரைவிட மூத்த டேட்டாபேஸுக்கும் அக்கா, கோச்சுக்கும் அக்கா. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று உதவிக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. டெஸ்டருக்குப் பக்கத்து மேஜை. பதினொரு வருடமாக மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே மேஜையில் பிரித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அலுவலகத்தில் கொடுத்த காப்பீட்டு அட்டையில்தான் அது நடந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பற்றி அழுது புலம்பிப் பேசுகிறவர் இல்லை. "இந்த வேலையில ஒட்டிக்கிட்டிருக்கிற வரைக்கும் அவரும் ஓடிக்கிட்டிருப்பாரு" என்று ஒரே ஒரு தடவை டெஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்.

தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் அணி, முதல் வேலையாகத் தினமும் காலையில் நின்றது. நின்றபடி கூட்டம் நடத்தினால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது சித்தாந்தம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் மூன்றே மூன்று சொல்ல வேண்டும். "என் முட்டிதான் தடை" என்றார் டேட்டாபேஸ் மூன்றாம் நாள். அவரை உட்கார விடலாமா என்று முடிவெடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எல்லோருக்கும் அதிகாரம் என்றால் அப்படித்தான். உட்காருவதன் நன்மை தீமைகளை ஆராய முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு துணைக்குழு ஆனார்கள். துணைக்குழுவின் அறிக்கை வரும்வரை டேட்டாபேஸ் சுவரில் சாய்ந்துகொள்ளலாம் என்று இடைக்காலமாக ஒப்புக்கொண்டார்கள். பதினைந்து நிமிடக் கூட்டம் அன்றைக்கு ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது.

சுவரில் மூன்று பத்தி பிரித்து, செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. யாரும் யாருக்கும் வேலை கொடுக்கக் கூடாது. அவரவராக மனமுவந்து ஒரு சீட்டைப் பறித்துக்கொள்ள வேண்டும். நல்ல சீட்டுகளைக் காலையிலேயே பறித்துவிடுவார்கள். பறிக்காத சீட்டுகள் முதல் பத்தியிலேயே பசை காய்ந்து உதிரும்.

இதற்கு நடுவில் போன் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர்கள் திட்டுவதற்காக வைத்த போன். அது அடித்தால் ஆறு பேரும் சுவரைப் பார்ப்பார்கள். போனை எடுப்பதற்குச் சீட்டு எதுவும் இல்லை. சீட்டு இல்லாத வேலைக்குப் பாயின்ட் இல்லை. பாயின்ட் இல்லாத வேலையை யார் செய்வார்கள்? அக்கா செய்தார். எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய், "சொல்லுங்க, என்ன ஆச்சு, பதறாதீங்க" என்பார். அரை மணி நேரம் நின்றபடி கேட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். யாருக்குப் பிறந்த நாள், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டதா என்பதெல்லாமும் அக்காதான். மாதக் கடைசியில் சுவரை எண்ணிப் பார்த்தால் மற்றவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் எழுபது பாயின்ட் போல இருக்கும். அக்கா பெயரில் ஒன்பது இருக்கும்.

பாயின்ட் போடுவது எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் செல்போனில் ஒரு சீட்டை அழுத்துவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று. நான்கும் ஏழும் ஏன் இல்லை என்று டெஸ்டர் ஒரு முறை கேட்டதற்கு, கோச் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். எண்களோடு இன்னொரு சீட்டும் இருந்தது, அதில் ஒரு காபிக் கோப்பை. களைத்துவிட்டேன், என்னைக் கேட்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். சுவரில் மாட்டிய பெரிய திரையில் எல்லாச் சீட்டும் வந்து விழும். யார் எதைப் போட்டார் என்று மட்டும் வராது. பயமில்லாமல் உண்மை சொல்வதற்காக அந்த ஏற்பாடு. இதையெல்லாம் செய்வதுதான் 'தானே'.

அந்தக் காபிக் கோப்பையில் ஒரு ஓட்டை இருந்தது. சராசரி போடும்போது 'தானே' கோப்பையை விட்டுவிட்டுக் கணக்குப் போடாமல், அதைப் பூஜ்யமாக எண்ணிக்கொண்டது. நான்கு மாதத்துக்கு முன்பே டெஸ்டர் அதைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அணி கூடிப் பேசியது.

"யோசிச்சுப் பாருங்க" என்றார் கோச். "நான் முடிவு சொல்லல, ஒரு கேள்விதான் கேக்கறேன். கோப்பை காட்டறவர் களைச்சுப்போனவர். களைச்சுப்போனவரோட கருத்துக்கு மதிப்பு என்ன? பூஜ்யம்தானே? மென்பொருள் நம்மளவிட ஆழமா யோசிச்சிருக்கு."

அணி ஒருமனதாகத் தலையாட்டியது. டெஸ்டரும் ஆட்டினார். அந்தச் சீட்டில் 'திட்டமிட்டபடியே இயங்குகிறது' என்று தன் கையாலேயே எழுதி மூன்றாவது பத்தியில் ஒட்டினார். வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கோச் கையில் மெழுகுவத்தி ஒன்றை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் அதைக் கொளுத்தவில்லை.

"மேலிடத்துல இருந்து ஒரு அழைப்பு வந்திருக்கு" என்றார். "உத்தரவு இல்லை, அழைப்பு. உலகத்துல நல்லா ஓடற அணி எல்லாத்துலயும் அஞ்சு பேர்தான் இருக்காங்களாம். கையில விரல் அஞ்சு. நம்ம அணி இன்னும் லேசா, இன்னும் துடிப்பா மாற ஆசைப்படுதான்னு கேக்கறாங்க."

"ஆசைப்படலன்னா?" என்று கேட்டார் பின்பக்கம்.

"ஆசைப்படற வரைக்கும் கேப்பாங்க."

"யாரை எடுக்கறதுன்னு நீங்க சொல்லிடுங்களேன் சார்" என்றார் டேட்டாபேஸ் சுவரில் சாய்ந்தபடி.

கோச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் சொன்னா அது சர்வாதிகாரம். பழைய காலத்துல ஒரு மேனேஜர் தன் அறைல உக்காந்துக்கிட்டு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புவான். அப்புறம் ஒரு மாசம் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கும் வந்ததில்லை, நான் சொல்றேன் கேளுங்க. அந்தப் பாரத்தை ஒரு தனி மனுஷன் தலைல ஏத்தறது நியாயமா? அதனாலதான் உங்க எல்லாருக்கும் அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுத்திருக்கோம். நான் வெறும் கண்ணாடி. நீங்க என்ன செய்யறீங்களோ அதைத்தான் நான் காட்டுவேன்."

ஆக, ஒவ்வொருவராக நிறுத்தி மற்ற ஐந்து பேரும் சீட்டு அழுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கேள்வி இதுதான்: இவர் இல்லாவிட்டால் அணிக்கு எவ்வளவு இழப்பு? வேலையை அளக்கிற அதே கோலால் ஆளை அளப்பதில் யாருக்கும் ஒன்றும் விபரீதமாகப் படவில்லை. சீட்டுக்குப் பழகிய விரல்கள்.

முதலில் டேட்டாபேஸ். ஐந்தும் பதிமூன்று. பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முட்டிவலிக்காரர் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அடுத்து முன்பக்கம், பின்பக்கம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கண்ணால் பேசிக்கொண்டதில் இருவருக்குமே சராசரி ஏழைத் தாண்டியது. ஹெட்போனுக்கு ஆறு புள்ளி இரண்டு. அடுத்து டெஸ்டர்.

திரையில் எட்டு, ஐந்து, ஐந்து, மூன்று, மூன்று என்று விழுந்தது. நான்கு புள்ளி எட்டு.

இருபது வருட உத்தியோகம் நான்கு புள்ளி எட்டு என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இதுவரை வந்ததில் அதுதான் கடைசி. டெஸ்டருக்கு வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது. மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. பாக்கி இருந்தது அக்கா ஒருவர்தான்.

அக்கா எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "போடுங்கப்பா, கூச்சப்படாதீங்க" என்றார்.

செல்போனில் சீட்டுகள் வரிசையாக இருந்தன. டெஸ்டரின் கட்டைவிரல் முதலில் பதிமூன்றின் மேல்தான் போய் நின்றது. சத்தியமாக நின்றது. பிறகு எட்டின் மேல் நின்றது. ஐந்து போட்டாலேகூட அக்கா தப்பித்துவிடக்கூடும். தப்பித்தால் போவது யார் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். இரண்டோ ஒன்றோ போட மனம் வரவில்லை. அத்தனை பெரிய பாதகன் இல்லை அவர். யாருக்கும் கெடுதல் செய்யாத சீட்டு ஒன்று ஓரத்தில் இருந்தது. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், என்னை இதில் இழுக்காதீர்கள் என்று சொல்லும் சீட்டு. அதை அழுத்தினார்.

பதிமூன்று, மூன்று, மூன்று, இரண்டு, ஒரு காபிக் கோப்பை. நான்கு புள்ளி இரண்டு.

"அணி முடிவெடுத்திருக்கு" என்றார் கோச், குரல் தழுதழுக்க. "ஒரு ஆள்கூட வாய் திறக்கல பாத்தீங்களா? இதுதான் முதிர்ச்சி."

கோப்பையை விட்டுவிட்டு எண்ணியிருந்தால் அக்காவுக்கு ஐந்துக்கு மேல் வந்திருக்கும். நான்கு மாதத்துக்கு முன் தலையாட்டிய மற்றவர்கள் அதை மறந்துவிட்டிருந்தார்கள், அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் அது அந்த நிமிடமே தெரிந்தது. அவர் வாயைத் திறந்து, இந்த மென்பொருளில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குத்தான் சம்பளம். அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை பிரிவு விழா. அணியில் யார் விடைபெற்றாலும் விழா ஏற்பாடு செய்வது அக்காதான். அதற்கும் சீட்டு எதுவும் கிடையாது. வியாழக்கிழமை மாலை வரை யாரும் ஏற்பாடு செய்யாததால் அக்காவே கடைக்குப் போன் போட்டுக் கேக் சொன்னார். "மேல என்ன எழுதணும்னு கேக்கறாங்க" என்று டெஸ்டரைத்தான் கேட்டார். டெஸ்டர் மேஜை இழுப்பறையில் எதையோ தேடினார். "சரி விடுங்க, 'போய் வாங்க அக்கா'ன்னு போடச் சொல்றேன்" என்றார். மறுநாள் அவரே வெட்டி, அவரே எல்லோருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார். டெஸ்டர் கேக்கைச் செல்போன் பேசுகிற சாக்கில் வெளியே எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். விழுங்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர். வாயைத் திறக்க வைப்பது அவருக்குப் பழக்கம்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"ஆபீஸ்ல அக்காவை எடுத்துட்டாங்க."

"ஐயையோ! அந்த மனுஷனுக்கு டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கே! யாருங்க எடுத்தது?"

"யாரும் எடுக்கல. அணி எடுத்துச்சு."

"அணின்னா யாரு?"

"அணின்னா... எல்லாரும்தான்."

"அதுல நீங்க இருக்கீங்கல்ல?"

டெஸ்டர் கைகால் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். அவருக்குத் தன் கட்டைவிரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிடவும் வேலை தப்பித்ததே என்று உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அணி வட்டமாக உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று மனம் திறந்து பேசும். கோச் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். ஆறு பேராக இருந்தபோது அணி இரண்டு வாரத்தில் நூற்றெண்பது பாயின்ட் வேலை செய்தது. ஐந்து பேரானதும் இருநூற்றுப் பத்து. கோடு செங்குத்தாக ஏறியது. முன்பு மூன்று பாயின்ட் என்று போட்ட வேலைக்கெல்லாம் பயந்துபோன அணி இந்த இரண்டு வாரமும் ஐந்து என்று போட்டிருந்ததை வரைபடம் காட்டவில்லை. "தன்னைத் தானே நடத்திக்கற அணி எப்படி முன்னேறுதுன்னு இந்தக் கோடு சொல்லும்" என்றார் கோச். அவர் பேசிக்கொண்டிருந்தபோது மூலையில் போன் அடித்தது. ஐந்து பேரும் சுவரைப் பார்த்தார்கள். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

டெஸ்டர் எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அக்காவுக்குக் கோப்பை போட்டது நான்தான். கோப்பை பூஜ்யமா எண்ணப்படும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். அக்கா போயிருக்கக் கூடாது. நான்தான் போயிருக்கணும். அந்தக் கணக்கைத் திரும்பப் போடணும்."

டெஸ்டருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் உருண்டு இறங்கியதுபோல இருந்தது. இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும்.

நடந்தது என்னவென்றால், கோச் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட துணிச்சல்! ஒரு அணி இவ்வளவு வெளிப்படையா பேசுதுன்னா அது மலர்ந்திருக்குன்னு அர்த்தம். இதை நான் மேலிடத்துக்கு எழுதப் போறேன்."

"சார், கணக்கைத் திரும்ப..."

"திரும்பிப் பாக்கற கூட்டத்துல திரும்பிப் பாக்கத்தான் முடியும், திரும்பிப் போக முடியாது. ஆனா உங்க குற்ற உணர்ச்சியை அணி கண்டுக்காம விடாது. இது ஒரு வேலை. இதுக்கு எத்தனை பாயின்ட்? எல்லாரும் போடுங்க."

போட்டார்கள். எட்டு வந்தது. எட்டு பாயின்ட் வேலையை ஒரே சீட்டாக எடுக்கக் கூடாது, உடைக்க வேண்டும் என்றார் முன்பக்கம். விதி அப்படி. ஆகவே டெஸ்டரின் குற்ற உணர்ச்சியை மூன்றாக உடைத்தார்கள்: வருத்தப்படுதலுக்கு மூன்று பாயின்ட், அக்காவிடம் நேரில் சொல்லுதலுக்கு மூன்று, மறத்தலுக்கு இரண்டு. வருத்தப்படுதல் ஏற்கெனவே நடந்துவிட்டதாக அணி ஏற்றுக்கொண்டு, அதை அப்போதே முடிந்தது பத்தியில் ஒட்டியது. இரண்டாவது சீட்டை டெஸ்டர் மனமுவந்து பறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் ஹெட்போன் அவர் மேஜைக்கு வந்தார். கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காதைச் சுற்றிச் சிவந்து தடம் விழுந்திருந்தது.

"சார், அந்தப் பதிமூணு நான் போட்டது" என்றார். "நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு நாள் போன்ல திட்டு. எல்லாத்தையும் அக்காதான் வாங்கினாங்க. யாருக்கும் சொல்லல. அதுக்கு என்னால வேற என்ன பண்ண முடியும், பதிமூணுக்கு மேல சீட்டு இல்ல." கருவியைக் கைமாற்றிக்கொண்டார். "அக்காவுக்குப் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க போறப்ப நான் விசாரிச்சேன்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்பா" என்றார் டெஸ்டர்.

மறுநாள் மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டயாலிசிஸ் பிரிவின் வெளியே நீள நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், கையிலிருந்து இரண்டு குழாய் இயந்திரத்துக்குப் போயின. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். டெஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க வாங்க! நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். உக்காருங்க."

"எப்படி இருக்காரு?"

"இருக்காரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் ஆபீஸ் அட்டை செல்லும். அதுக்கப்புறம் வாரத்துக்கு மூணு முடியாது, ரெண்டாக் குறைச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன்." அதை அக்கா தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலிலேயே சொன்னார்.

டெஸ்டர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். "அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இருங்க. மொதல்ல நான் சொல்லிடறேன், இல்லன்னா எனக்குத் தைரியம் வராது" என்றார் அக்கா. படிவத்தை மடித்தார். "அன்னிக்கு உங்களுக்கு நான் எட்டு போட்டேன். எட்டுதான். எனக்குக் குறைஞ்சுபோயிடுமோன்னு ஒரு பயம், பதிமூணு போடக் கை வரல. அப்புறம் எனக்குப் போட்டப்ப திரையில ஒரு பதிமூணு வந்துச்சு பாருங்க, பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு. வேற யாரு எனக்குப் போடுவாங்க? உங்களுக்கே நாலு புள்ளி எட்டுல உயிர் ஊசலாடுது, அப்பவும் எனக்குப் பதிமூணு போட்டிருக்கீங்க. நான் எட்டு போட்டிருக்கேன். மூணு வாரமா இது என்னை அறுத்துக்கிட்டிருக்கு. மன்னிச்சுக்கங்க."

டெஸ்டர் வாயைத் திறந்தார். இப்போது சொல்ல வேண்டும், இந்த நொடியில் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அக்கா அவரை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அட, அதை விடுங்கக்கா" என்றார். "எட்டே பெரிசு."

"அந்தக் காபிக் கோப்பை யாருன்னும் எனக்குத் தெரியும். அந்த ஹெட்போன். மனுஷங்க முகத்தைப் பாத்துப் பேசாதவன்தான் அப்படி ஒதுங்கிக்குவான். அவனுக்காக நான் எவ்வளவோ வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது வேற கதை. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்றான்? எடுக்கவே மாட்டேன்." பிறகு குரல் தணிந்தது. "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"நல்லா இருங்க" என்றார் அக்கா. "உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

மறுநாள் காலை அணி நின்றது. டேட்டாபேஸ் சுவரில் சாய்ந்திருந்தார். துணைக்குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. டெஸ்டரின் முறை வந்ததும், அக்காவிடம் நேரில் சொல்லும் சீட்டு என்ன ஆயிற்று என்று கோச் கனிவோடு கேட்டார்.

"முடிஞ்சது" என்றார் டெஸ்டர். சீட்டை எடுத்து மூன்றாவது பத்தியில் ஒட்டினார். கைதட்டினார்கள். மறத்தலையும் இந்த வாரமே எடுத்துக்கொண்டால் அணியின் கோடு இன்னும் ஏறும் என்று முன்பக்கம் ஆலோசனை சொன்னார்.

கூட்டம் முடிந்து மேஜைக்குத் திரும்பியபோது ஹெட்போன் கூடவே வந்தார்.

"அக்கா உங்களை ரொம்பத் திட்டினாங்களா சார்?"

"இல்லப்பா. நன்றி சொன்னாங்க."

ஹெட்போனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன மனசு சார் அவங்களுக்கு!" என்றார். பிறகு புரியாமல் அவர் முகத்தையே பார்த்தார். "உங்களையே மன்னிச்சவங்க, என் போனை மட்டும் ஏன் சார் எடுக்க மாட்டேங்கறாங்க?"

"தெரியலப்பா" என்றார் டெஸ்டர்.